மாணவரிடம் வாங்கும் டெக்னாலஜி லெவியை லேப்புக்கே செலவழிக்க வைப்பது எப்படி?

செண்பகம், டர்பன்:

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப்கள் என் பொறுப்பு. மூன்று லேப், மொத்தம் 120 மெஷின். கல்லூரியின் பெயர் வேண்டாம், இந்தச் சிக்கல் பல இடங்களில் இருக்கும் என்றே நினைக்கிறேன்.

பிப்ரவரியில் பெயர் பதியும் ஒவ்வொரு மாணவரின் கட்டணச் சீட்டிலும் டெக்னாலஜி லெவி என்று, கணினி வசதிக்கான ஒரு கூடுதல் கட்டணம் வருகிறது. அந்தப் பணம் கல்லூரியின் பொதுக் கணக்கில் போய்ச் சேர்கிறது. அதில் லேப்புக்கு எவ்வளவு, எப்போது கிடைக்கும் என்று ஆண்டு முழுக்க யாரும் வாய் திறப்பதில்லை. நவம்பர் வந்ததும் திடீரென்று ஒரு மெயில்: மிச்சம் இருக்கிறது, இரண்டு வாரத்துக்குள் மூன்று கொட்டேஷன் வாங்கி முடித்துவிடுங்கள். அந்த அவசரத்தில் கடையில் எது இருக்கிறதோ அதைத்தான் வாங்க முடியும். ஒரே மாதத்தில் வந்த 70 மெஷினும் ஒன்றாகக் கிழடாகி ஒரே பருவத்தில் படுக்கின்றன. இன்னொரு வருடம் ஒரு காசும் வராது.

இப்போது அந்த 70 மெஷின்தான் தலைவலி. எல்லாம் இன்டெல் ஆறாம், ஏழாம் தலைமுறை. விண்டோஸ் 11 ஏறாது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது.

இதற்கு நடுவில் பட்ஜெட் கூட்டத்தில் ஒருவர், "எல்லாப் பிள்ளைகளிடமும் லேப்டாப் இருக்கிறதே, மூன்றாவது லேப்பை மூடி வகுப்பறை ஆக்கிவிடலாமே" என்று ஆரம்பித்துவிட்டார். எனக்கு மனசே ஆறவில்லை. என் லேப்புக்கு சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்து பார்க்கச் சொல்லுங்கள். போன வாரம் ஒரு பெண், கீறல் விழுந்த போனில் கட்டை விரலாலேயே ஆறு பக்கம் கட்டுரை அடித்து, அதை வேர்டில் சரிசெய்ய மட்டும் ஒரு மெஷினுக்காகக் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். மேற்கோள்களை ஒழுங்குபடுத்தப் போனில் வழியில்லை, அடுத்த நாள் காலை எட்டு மணிக்குச் சமர்ப்பிக்க வேண்டும். லேப்பைப் பூட்டிய பிறகும் வைஃபைக்காக வராந்தாத் தரையில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள்.

லெவியைத் தனியாகப் பிரித்துவைக்க கல்லூரியில் யாரிடம், எந்த வார்த்தையில் கேட்பது? இந்த 70 மெஷினை என்ன செய்வது? பணம் எங்கே போகிறது என்று மாணவர் சங்கத்துக்கு எப்படிக் காட்டுவது? அனுபவப்பட்டவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை, சாட்ஸ்வொர்த்:

அம்மா செண்பகம், உயர்கல்வி நிதிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் கேள்வியில் பாதி கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டதே அல்ல, கணக்குத் தலைப்பு சம்பந்தப்பட்டது.

பணம் பொதுக் கணக்கில் விழுந்துவிட்டால் அதற்கு முகம் கிடையாது. சம்பளத்துக்கும் போகும், கூரை ஒழுகலுக்கும் போகும். யாரும் திருடவில்லை, ஆனால் லெவி என்ற பெயரில் வாங்கியது லெவியாக இருக்காது. ஆகவே முதலில் லெவிக்கென்று தனி காஸ்ட் சென்டர், அதாவது வரவு செலவைத் தனியாகக் காட்டும் கணக்குத் தலைப்பு, கேளுங்கள். கட்டணம் பதிவாகும்போதே அந்தத் தொகை நேராக அங்கே போய் விழ வேண்டும். இரண்டாவது, மிச்சம் அடுத்த ஆண்டுக்கு முன்னெடுத்துச் செல்லப்படும் என்று தீர்மானம் வேண்டும். இது இல்லாததால்தான் உங்களுக்கு நவம்பர் மெயில் வருகிறது. டிசம்பரில் பணம் காலாவதி ஆகாது என்று எழுத்தில் இருந்தால் அந்த ஓட்டமே இருக்காது.

அப்புறம் வாட், அதாவது மதிப்புக் கூட்டு வரி. பலருக்கு இது தெரிவதில்லை. கல்விச் சேவை இங்கே வாட் விலக்குப் பெற்றது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் விலக்குப் பெற்ற சேவைக்காக வாங்கும் பொருளில் கட்டிய வாட்டைத் திரும்பப் பெற முடியாது. 2018 ஏப்ரலிலிருந்து அது 15 சதவீதம். ஒரு பேச்சுக்கு, கொட்டேஷனில் வாட் சேர்க்காமல் ஒரு மெஷின் 15,000 ரேண்ட் என்று இருந்தால் உங்களுக்கு அது 17,250. ஆண்டுக்கு 24 மெஷின் என்றால் 54,000 ரேண்ட் வித்தியாசம், அதாவது மூன்று மெஷின் காணாமல் போகிறது. திட்டம் போடும்போதே வாட் சேர்த்த விலையைப் போடுங்கள்.

24 என்று ஏன் சொன்னேன்? 120-ஐ ஐந்தால் வகுத்தேன். வருமான வரித் துறை கம்ப்யூட்டருக்கு வைக்கும் ஆயுள் மூன்று ஆண்டுதான், லேப்பில் ஐந்து ஓட்டலாம். ஆண்டுதோறும் 24 புதிது, 24 கழிவு. நிதிப் பிரிவுக்கு இந்த மாதிரிச் சமமான எண் என்றால் மிகவும் பிடிக்கும். ஒரு வருடம் பூஜ்யம், மறு வருடம் பத்து லட்சம் என்றால் கையெழுத்துப் போடவே பயப்படுவார்கள்.

காலப் பிரச்சினையையும் மறக்காதீர்கள். என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். என்ற அரசு மாணவர் நிதியுதவி பெறும் பிள்ளைகளின் பணம் பிப்ரவரியிலேயே முழுதாக வந்துவிடுவதில்லை, தவணை தவணையாக வரும். சில ஆண்டு நடு ஆண்டு தாண்டியும் இழுக்கும். உங்களுக்கோ மெஷின் வேண்டியது வகுப்பு தொடங்கும் முன். முந்தைய ஆண்டின் லெவியில் அடுத்த ஆண்டின் மெஷின் வாங்குவது என்று ஒரு முறை வைத்துக்கொண்டால்தான் ஓடும். அதற்கும் அந்த முன்னெடுப்புத் தீர்மானம்தான் வழி.

ஒன்று சொல்லவேண்டும். லெவியைக் கூட்டலாம் என்று யாராவது சொன்னால் சரி என்று தலையாட்டிவிடாதீர்கள். 2000 மே 16 அன்று டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழக வளாகத்தில், கட்டணம் கட்ட முடியாதவர்களை வெளியேற்றியதை எதிர்த்த போராட்டத்தின்போது மைக்கேல் மக்காபனே என்ற மாணவர் போலீஸ் சுட்டு இறந்தார். 2015-இல் நாடு முழுக்கக் கட்டணப் போராட்டம் வெடித்து, அக்டோபர் 23-ஆம் தேதி அடுத்த ஆண்டுக்கு உயர்வு பூஜ்யம் என்று அறிவித்தார்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ரேண்டுக்குள் என்றால் என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். இருக்கிறது. அதற்கு ஒரு படி மேலே இருக்கும் டிரைவர், நர்ஸ், கடைக் கணக்கர் வீட்டுப் பிள்ளைக்கு அந்த உதவி இல்லை. உங்கள் லெவியின் ஒவ்வொரு ரேண்டும் அந்த வீட்டுப் பையிலிருந்து வருகிறது. அதனால்தான் அது லேப்புக்கே போகவேண்டும் என்று நானும் பிடிவாதமாகச் சொல்கிறேன்.

வலைக்கம்பி, பிரிட்டோரியா:

அக்கா, ஐயா பணத்தைச் சொல்லிவிட்டார், நான் மெஷினைச் சொல்கிறேன். நெட்வொர்க் வேலை, லேப் வேலை இரண்டும் பார்த்திருக்கிறேன்.

70 மெஷினையும் ஒரேயடியாகத் தூக்கிப் போட வேண்டாம். விண்டோஸ் 11-க்கு எட்டாம் தலைமுறை பிராசஸரும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும், உங்களுடையது தேறாது. ஆனால் நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் என்று ஒன்று இருக்கிறது. கல்வி நிறுவனத்துக்கு ஒரு மெஷினுக்கு முதல் ஆண்டு 1 டாலர், இரண்டாம் ஆண்டு 2, மூன்றாம் ஆண்டு 4. அதாவது 2028 அக்டோபர் வரை ஒரு மெஷினுக்கு மொத்தம் 7 டாலர். ஐயா சொன்ன 24, 24, 24 என்ற கணக்கில் மூன்றே ஆண்டில் 72 மெஷின் மாறிவிடும். உங்கள் 70 அதற்குள் அடக்கம். மற்ற நிறுவனங்களுக்கு முதல் ஆண்டே 61 டாலர், அந்த விலையைக் காட்டி யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். உங்கள் லைசன்ஸ் கல்வி ஒப்பந்தத்தின் கீழ்தான் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதுவரை ஓட்ட, பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள், ரேமை 8 ஜிபி ஆக்குங்கள். மெஷின் கிழம் என்று பிள்ளைகள் சொல்வதில் பெரும்பகுதி அந்தச் சுழலும் டிஸ்க்தான். கட்டுரை அடிக்கவும் இணையம் பார்க்கவும் மட்டும் என்றால் சிலவற்றில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போட்டு வாசல் பக்கம் வரிசையாக வைக்கலாம், லாகின் செய்து பத்து நிமிடத்தில் பிரின்ட் எடுத்துப் போகிறவர்களுக்கு. புள்ளியியல் மென்பொருள், ஆட்டோகேட் எல்லாம் புது மெஷினில். எந்த மென்பொருள் எந்த லேப்பில் என்று ஒரு தாளில் அச்சடித்துக் கதவில் ஒட்டிவிடுங்கள், பாதி நடமாட்டம் குறையும். இமேஜ், அதாவது ஒரு மெஷினின் மொத்த அமைப்பின் நகல், ஏற்ற ஃபாக் என்ற இலவச மென்பொருள் போதும். ஒரு மெஷினைத் தயார் செய்து, இரவில் நெட்வொர்க் வழியே மற்றவற்றுக்கு இறக்கலாம்.

இனி கரன்ட். 2022, 2023-இல் ஸ்டேஜ் 6 என்ற கடுமையான நிலை வரை போன லோட் ஷெடிங்கை, அந்த முறைவைத்த மின்வெட்டை, யாரும் மறந்திருக்க மாட்டோம். இப்போது மூச்சு விட நேரம் கிடைத்திருக்கிறது, ஆனால் அந்த இரண்டு வருடம் உங்கள் யுபிஎஸ் பேட்டரிகளைத் தின்றிருக்கும். ஈய அமில பேட்டரி ஒரு நாளைக்கு மூன்று தடவை முழுசாக இறங்கி, பாதி சார்ஜ் ஏறும் முன் மறுபடி இறங்கினால் அதன் ஆயுள் மளமளவென்று குறையும். யுபிஎஸ் பெட்டியில் பச்சை விளக்கு எரிவதை நம்ப வேண்டாம். ஒரு சனிக்கிழமை லேப் காலியாக இருக்கும்போது மெயினை அணைத்துவிட்டு எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று கடிகாரம் பிடித்துப் பாருங்கள். அந்த நிமிடக் கணக்கு லெவிக் கோரிக்கையில் போட உதவும்.

இன்னொரு சின்ன விஷயம், இது பல லேப்களில் காசைக் காப்பாற்றியது. யுபிஎஸ் லைனுக்கு வெள்ளை பிளக் பாயிண்ட் வைத்தால் பிள்ளைகள் போன் சார்ஜரைச் சொருகுவார்கள், யாராவது கெட்டிலையும் சொருகுவார்கள். கரன்ட் போன அடுத்த நிமிடம் யுபிஎஸ் ஓவர்லோடில் விழும். அதற்குத்தான் இந்த நாட்டில் சிவப்பு டெடிகேட்டட் பிளக் இருக்கிறது. எர்த் பின்னின் மேல்பக்கம் தட்டையாகச் சீவியிருக்கும். சிவப்பு சாக்கெட்டின் எர்த் ஓட்டையும் அதே வடிவம், சாதாரண மூன்று பின் பிளக்கின் உருண்டைப் பின் உள்ளே போகாது. மெஷின், சுவிட்ச் இவற்றின் வயர் முனையில் மட்டும் சிவப்பு பிளக் மாட்டுங்கள். போனுக்கு மேஜை ஓரத்தில் வெள்ளை சாக்கெட் தாராளமாகக் கொடுங்கள், அது யுபிஎஸ்ஸில் சேராத லைனாக இருக்கட்டும்.

மூன்றாவது லேப்பை மூடவேண்டும் என்பவருக்குப் பதில் சொல்ல உங்களிடம் சாட்சி இருக்கிறது: லாகின் பதிவு. யார் எந்த மெஷினில் எத்தனை மணிக்கு என்பதெல்லாம் சர்வரில் கிடக்கும். பெயரையும் மாணவர் எண்ணையும் எடுத்துவிட்டு, மணிவாரியாக எத்தனை மெஷின் ஓடியது என்று மட்டும் எடுங்கள். 2021 ஜூலை முதல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், போப்பியா, முழுதாக அமலில் இருக்கிறது. பெயரோடு பட்டியலைக் கூட்டத்தில் சுற்றுக்கு விடக் கூடாது.

மூன்றாமாண்டு மாணவி, ஃபீனிக்ஸ்:

அக்கா, லெவி கட்டுகிற பக்கத்திலிருந்து நான் எழுதுகிறேன். எங்கள் கல்லூரி வேறு.

எல்லோரிடமும் லேப்டாப் இருக்கிறது என்று சொன்னவர் காலையில் காரில் வருபவராக இருப்பார். என்னிடம் லேப்டாப் இருக்கிறது. அதைக் கல்லூரிக்குக் கொண்டுவருவதில்லை. டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸிலிருந்து ஷேர் டாக்ஸி பிடித்து டவுனில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு டாக்ஸிக்கு ரேங்க், அதாவது டாக்ஸி நிறுத்தம், வரை நடக்க வேண்டும். மினிபஸ்ஸில் பதினைந்து பேர், பை மடியில். குளிர்காலத்தில் ஐந்தரைக்கே இருட்டிவிடுகிறது. என்னோடு படிக்கும் ஒருத்தியின் பையை லேப்டாப்போடு பறித்துக்கொண்டு ஓடினார்கள், அதில்தான் அவளுடைய ப்ராஜெக்ட் முழுவதும் இருந்தது. அன்றிலிருந்து அம்மா என்னை எடுத்துப் போக விடுவதில்லை. லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கும் லேப் வேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

வீட்டில் வேலை செய்யலாம் என்பார்கள். டேட்டா? 2020-இல் கொரோனாவின்போது என் அண்ணனுக்குக் கல்லூரி வழியாக மாதம் 30 ஜிபி கொடுத்தார்கள். அதில் 10 தான் பகலுக்கு, 20 ஜிபி இரவு டேட்டா. வீடியோப் பாடத்தை இறக்க நள்ளிரவுக்கு மேல் எழுந்து உட்கார்ந்திருப்பான். மறுநாள் காலை வகுப்பில் கண் சொருகும். லேப்பில் உட்கார்ந்து அதே பாடத்தை மத்தியானம் பார்க்க முடிந்தால் போதும், வேறு எதுவும் கேட்கவில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். புது மெஷின் வாங்குவதற்கு முன் நேரத்தைப் பாருங்கள். எங்கள் லேப் நான்கரைக்குப் பூட்டப்படுகிறது. வகுப்பு முடிவதும் நான்கரைக்கு. லெவிப் பணத்தில் இரண்டு சீனியர் மாணவர்களை மேற்பார்வைக்கு வைத்து ஏழு வரை திறந்தால், 24 புது மெஷின் வாங்குவதைவிட எங்களுக்கு அது பெரிது. ஆனால் கடைசி டாக்ஸி எப்போது என்று பார்த்து நேரத்தை வையுங்கள். இரவு பத்து வரை திறந்திருக்கிறது என்று போர்டு போட்டால் ஹாஸ்டல் பிள்ளைகளுக்குத்தான் பயன்.

சியாட்டில் தமிழன்:

வேறு நாட்டுக் கதை, ஆனால் மாணவர் சங்கத்துக்குக் கணக்குக் காட்டுவது பற்றிக் கேட்டீர்களே, அதனால் எழுதுகிறேன். இங்கே வாஷிங்டன் மாநிலச் சட்டப்படி, மாணவர் சங்கம் எழுத்தில் சம்மதம் கொடுத்தால்தான் பல்கலைக்கழகம் டெக்னாலஜி கட்டணம் வாங்கலாம். வாங்கிய பணம் மாணவர்களின் பொதுப் பயன்பாட்டுக்கான தொழில்நுட்பத்துக்கு மட்டும் போக வேண்டும். நிர்வாக அலுவலகத்துக்கு லேப்டாப் வாங்க அதில் இடமில்லை.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இதற்கென்று ஒரு மாணவர் கமிட்டியே இருக்கிறது. லேப் வேண்டும், கேமரா வேண்டும் என்று துறைகள் எழுத்தில் விண்ணப்பம் போடும். எந்தத் துறை மாணவருக்கும் திறந்திருக்குமா, எத்தனை பேருக்குப் பயன், யார் பராமரிப்பார்கள் என்று மாணவர்களே குறுக்குக் கேள்வி கேட்டு முடிவு செய்வார்கள். பேராசிரியர்கள் அவர்கள் முன் வந்து விளக்கம் சொல்வதை நான் பார்த்திருக்கிறேன். லேப்டாப், கேமராவை இரவல் கொடுக்கும் திட்டமும் அந்தப் பணத்தில்தான் நடக்கிறது. ஃபீனிக்ஸ் தங்கை எழுதியதைப் படித்தபின், இரவல் திட்டத்தை அப்படியே அங்கே கொண்டுவரலாம் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. ஆனால் அந்த விண்ணப்ப முறையை எங்கேயும் வைக்கலாம். உங்கள் லேப்பும் அதே படிவத்தில் விண்ணப்பம் போடட்டும்.

செண்பகம், டர்பன்:

எல்லோருக்கும் நன்றி. தம்பி சொன்னபடி லாகின் பதிவைப் பெயர் இல்லாமல் எடுத்தேன். திங்கள் முதல் வியாழன் வரை, பத்து மணியிலிருந்து ஒன்றரை வரை மூன்று லேப்பும் நிறைந்துதான் இருக்கின்றன. மூன்றாவது லேப் காலியாகத் தெரிவது வெள்ளிக்கிழமை மத்தியானம். மூடவேண்டும் என்றவர் வந்து எட்டிப் பார்த்தது எந்த நாள் என்று இப்போது புரிகிறது. இதை மணிவாரி வரைபடமாக்கி, அந்தப் படத்தைக் கூட்டத்தில் வைக்கப்போகிறேன்.

நேரம் பற்றி எழுதிய பெண்ணுக்குத் தனியாக நன்றி. எங்கள் பக்கத்தில் டாக்ஸி மார்ஷலிடமே கேட்டேன். வார நாளில் ஆறரைக்கு மேல் வண்டி குறைந்துவிடுமாம். ஆகவே ஆறு மணி வரை திறப்பது, மேற்பார்வைக்குச் சீனியர் மாணவர்களுக்கு மணிக்கூலி என்று முதல் கோரிக்கையாகவே போடுகிறேன். 24 மெஷின், பழையவற்றுக்கு எஸ்எஸ்டி, நீட்டிப்பு அப்டேட், யுபிஎஸ் பேட்டரி எல்லாம் அதற்கு அடுத்து. லெவியைக் கூட்டச் சொல்லி ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

கணக்குப்பிள்ளை ஐயா, அந்தத் தீர்மானத்தை எப்படி எழுதினால் நிதிப் பிரிவு சந்து கண்டுபிடிக்காது? ஒரு மாதிரி கொடுத்தால் உதவியாக இருக்கும்.

கணக்குப்பிள்ளை, சாட்ஸ்வொர்த்:

இப்படி எழுதுங்கள் அம்மா:

"டெக்னாலஜி லெவியாக வசூலாகும் முழுத் தொகையும் தனி காஸ்ட் சென்டரில் வரவு வைக்கப்படும். மாணவர் நேரடியாகப் பயன்படுத்தும் கணினி, மென்பொருள், நெட்வொர்க், மின் பாதுகாப்பு, லேப் மேற்பார்வை ஆகியவற்றுக்கு மட்டுமே அதிலிருந்து செலவு செய்யப்படும். நிதியாண்டின் இறுதியில் உள்ள மீதி அதே காஸ்ட் சென்டரில் அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லப்படும். வரவு செலவு விவரம் ஆண்டுக்கு இருமுறை மாணவர் சங்கமான எஸ்.ஆர்.சி.க்கு எழுத்தில் தரப்படும்."

"நேரடியாக", "மட்டுமே" என்ற இரண்டையும் வெட்டச் சொல்வார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள். "லேப் மேற்பார்வை" என்பதை இப்போதே சேர்க்காவிட்டால், சீனியர் மாணவர் கூலி சம்பளத் தலைப்பில்தான் வரும் என்று பிறகு மறுப்பார்கள். நிறுவனத்தை ஆளும் கவுன்சிலில் எஸ்.ஆர்.சி. தேர்ந்தெடுத்த மாணவர்களுக்கும் இடம் உண்டு, சட்டமே கொடுத்திருக்கிறது. நீங்கள் லேப் பொறுப்பாளராக அனுப்பினால் அது ஒரு துறையின் கோரிக்கை. அந்த மாணவர்கள் கொண்டுவந்தால், கட்டணம் கட்டுகிறவர்களின் கோரிக்கையாக நிகழ்ச்சி நிரலில் ஏறும். கூட்டத் தாள்கள் சுற்றுக்குப் போகும் முன் லாகின் படத்தோடு அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.